நல்ல கிணறு எது?

வாலிநோக்கத்தில் காலரா பயம்.

"அவங்கவங்க கிணத்துத் தண்ணியில ஒரு சீசா கொண்டு வாங்க. கெட்டிருந்தா கிணத்தை மூடிருவேன்" என்றார் சுகாதார அதிகாரி.

எங்கள் பெரியப்பா காத்தமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க பாட்டன் வெட்டுன கிணறுய்யா. தண்ணி தேனு!"

பக்கத்து வீட்டு இருளாண்டி மாமா சிரித்தார். "அதை மாடுகூடக் குடிக்காது மச்சான். எங்க கிணறுதான் இளநீரு!"

சோதனை முடிவு வந்தது. மாமா கொடுத்த தண்ணீர் சுத்தம். பெரியப்பா கொடுத்தது கெட்ட தண்ணீர்.

கிணற்றை மூட ஆட்கள் வந்ததும் பெரியப்பா பதறினார். "மூடாதீங்கய்யா! நான் குடுத்தது இருளாண்டி கிணத்துத் தண்ணி!"

அதிகாரி குழம்பினார். "அவர் கிணறு சுத்தமாச்சே?"

மாமா தலையைச் சொறிந்தார். "நான் குடுத்தது மச்சான் கிணத்துத் தண்ணிங்கய்யா!"