ஓவர்லொக் ட்ரயல்

பின்னேரம் நேர்சரிக் கலைவிழா. பிள்ளைகளின் சட்டைகளுக்கு இன்னும் ஓவர்லொக் அடிக்கவில்லை. ஓரமெல்லாம் நூல் நூலாய்ப் பிரிந்து நின்றது. தையற்காரரோ அடுத்த கிழமை வரச் சொல்லிவிட்டார். டீச்சர் சுபோதினி அத்தனையையும் அள்ளிக்கொண்டு வெள்ளவத்தை தையல் மெஷின் கடைக்குள் நுழைந்தாள். வாங்கும் எண்ணம் துளியும் இல்லை.

வீட்டு ஓவர்லொக் மெஷினுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணை, இது நல்லா அடிக்குமோ? இந்தத் துணியில ஒருக்காக் காட்டுங்கோவன்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடகடவென்று அடித்தார்.

“வேற துணியும் இருக்கோ, தங்கச்சி?”

இப்படியும் ஒரு அப்பாவியா! சுபோதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு பருத்தி, சில்க், நெட் என்று நீட்டிக்கொண்டே இருந்தாள். கடைசிச் சட்டையும் முடிந்தது.

“நல்ல மெஷின்தான். வீட்டில இவரிட்டக் கேட்டிட்டு நாளைக்கு வாறன், அண்ணை.”

“நாளைக்கு இது இருக்காது. நான் எடுக்கப்போறன்.”

“கடைக்காரரே எடுக்கிறதோ?”

“கடைக்காரர் சாப்பிடப் போயிட்டார். நான் என்ர மனுசிக்கு மெஷின் பார்க்க வந்தனான். அடிச்சுப் பார்க்கத் துணி கொண்டுவர மறந்து முழிச்சுக்கொண்டிருக்க, தெய்வம் போல வந்தீங்கள்!” அவர் குரலைத் தாழ்த்தினார். “சீவியத்தில இண்டைக்குத்தான் மெஷினில கை வைச்சனான். கோணல் இல்லைதானே, தங்கச்சி?”