ஒரு கிலோமீட்டர் கல்

ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓடுபாதை. வாசல் ஒன்றுதான். வாசலையொட்டிய பெஞ்சில் நிரஞ்சனாவின் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் கணவன் கருணாகரன் தினமும் உட்கார்ந்திருப்பான். "பதினாலு நிமிஷம். பாத்துப் போய்ட்டு வா," என்பான். அவன் கைபேசியில் அவள் ஒரு நீலப் புள்ளி.

முதல் பாதி அவளுடையது. ஒவ்வொரு எட்டும் அவனைவிட்டு விலகும். ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டிவிட்டால், அதே கால்கள் அவளை அவனிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும். வந்த வழியே திரும்பினாலும் அதே பெஞ்சுதான். வலப்புறம் தண்ணீர், இடப்புறம் கம்பிவேலி.

இன்று அந்தக் கல்லருகே அவள் நின்ற இடத்திலேயே ஓடினாள். பின்னால் வந்த பெண் வேகத்தைக் குறைத்தாள்.

"என்னம்மா, கால் புடிச்சுக்கிச்சா?"

"இல்லக்கா. ஓடிட்டுத்தான் இருக்கேன்."

புள்ளி நகரவில்லை என்பதை அவன் பார்த்திருக்க வேண்டும். அக்கரையில் அவனுடைய சிவப்புச் சட்டை எழுந்து நின்றது. இங்கிருந்து அதுவும் ஒரு புள்ளிதான். பெஞ்சைவிட்டு நகர்ந்தது. பாதையின் இரு திசையிலும் மாறி மாறி இரண்டெட்டு போய்த் திரும்பியது.

வாசலைவிட்டு அது எந்தப் பக்கம் புறப்படுமென்று பார்த்தபடி, அவள் கால்களை நிறுத்தவேயில்லை.