விளக்கு வரி

மாநகராட்சி விளக்கு வரியை உயர்த்தியதிலிருந்து, வரி கட்டியவர் நடந்தால்தான் தெருவிளக்கு எரியும். அந்தத் தெருவில் கட்டியிருந்தவள் குணவதி ஒருத்திதான். எதிர்வீட்டு ஜெபசீலிக்கும் அவளுக்கும் குழாயடிச் சண்டைக்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது.

அன்று இருட்டியதும், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெபசீலி வாசலில் தயங்கி நின்றாள். தெரு முழுக்கக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள்.

குணவதி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவள் கம்பத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“ஆஸ்பத்திரிப் பக்கம் சும்மா நடந்துட்டு வரப்போறேன். பின்னாடி யாராச்சும் வந்தா நான் தடுக்கவா முடியும்?”

ஜெபசீலியும் கம்பத்திடமே பதில் சொன்னாள். “மெதுவா நடக்கச் சொல்லு. பிள்ள கனக்குது.”

குணவதி திரும்பிக் கைகளை நீட்டினாள். கண்ணை மட்டும் கம்பத்திலிருந்து எடுக்கவில்லை.

“இங்க குடுக்கச் சொல்லு. தூக்குறதுக்கு இன்னும் வரி போடல.”