ஒரே ஒரு நட்சத்திரம்

“இரவு பத்து மணிக்குள் ஆர்டர் செய்தால் மறுநாளே உங்கள் வீட்டில்.”

அந்த சைக்கிள் உதிரிபாகக் கடையின் இணையதளத்தில் இப்படித்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் ஆர்டர் செய்தது திங்கட்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்கு. இன்று வியாழன். பார்சலைக் காணோம்.

பெரிய சாமான் ஒன்றும் இல்லை. என் மகள் தீர்சாவின் சைக்கிளுக்கு ஒரு பிரேக் லீவர். நாளை காலை அவள் வகுப்புக்கு சைக்கிள் பரீட்சை. எல்லாப் பிள்ளைகளும் ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். கிளம்பும் முன் ஒவ்வொரு சைக்கிளையும் சோதிப்பார்கள். பிரேக் சரியில்லை என்றால் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

“எல்லாரும் ஓட்டுவாங்க, நான் மட்டும் நின்னு கை தட்டணுமாப்பா?” என்று கேட்டுவிட்டு, ரொட்டியைத் தொடாமலே பள்ளிக்குப் போனாள். இரவல் சைக்கிள் வேண்டவே வேண்டாமாம்.

லீவரை உடைத்தது நான்தான். காரைப் பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டேன். அதனால் கடைக்காரன் மேல் எனக்குக் கோபம் இன்னும் கூடுதலாக வந்தது.

நான் வேலை பார்க்கும் நகராட்சி அலுவலகத்தில் காபி நேரம். மேசையில் இருந்த காகிதக் கட்டின் மேல் கோப்பையை வைத்துவிட்டு, கடைக்கு போன் போட்டேன்.

“வணக்கம், ஃபெம்மி பேசறேன். உங்க பேர் சொல்லுங்க சார்.”

“யூரியன் தெர்ஹோர்ஸ்ட்.”

மறுமுனையில் சத்தமே இல்லை.

“லைன்ல இருக்கீங்களா, இல்ல அதுவும் சனிக்கிழமைதான் வருமா?”

“இருக்கேன் சார். உங்க பார்சல் கட்டி ரெடியா இருக்கு. வேன்ல ஏத்தறதுலதான் சிக்கல். நிஜமாவே சனிக்கிழமைதான் வரும்.”

“சனிக்கிழமை வந்தா அதை வச்சு நான் பல்லு குத்தவா? நாளைக்குக் காலையில என் பொண்ணுக்கு சைக்கிள் பரீட்சை.”

“மன்னிச்சிடுங்க சார்.”

“மன்னிப்பு யாருக்கு வேணும்? சொன்ன வேலையைச் சொன்ன நாள்ல செய்யத் தெரியாதவங்க எதுக்கு அந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்க?”

பக்கத்து மேசைக்காரர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த உற்சாகத்தில் இணையத்தில் கடைக்கு ஒரு விமர்சனமும் எழுதினேன். ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். கீழே, ‘காத்திருப்பவனின் கஷ்டம் இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?’ என்று ஒரு வரி. எனக்கே அது ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

மாலை ஆறரைக்கு வாசல் மணி அடித்தது. மழைக் கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெண். பின்னால் பெட்டி வைத்த சைக்கிள்.

“காலையில பேசினேனே சார், ஃபெம்மி. பொண்ணுக்குப் பரீட்சைன்னு சொன்னீங்களே, அதான் நானே கொண்டு வந்துட்டேன். எதிர்க்காத்து, கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

தீர்சா பார்சலைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்கு ஓடினாள். என் மனைவி மரைக்கே அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துக் காபி கொடுத்தாள். நான் ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினேன்.

“அவ்வளவு தூரத்துலேர்ந்தா வந்தீங்க?”

“கடை இதே ஊர்தான் சார். வலைதளத்துல விலாசம் போட்டிருக்கே.”

நான் அதையெல்லாம் படித்தால்தானே.

“அப்புறம் ஏன் மூணு நாளா வரல?”

“ஒரு கையெழுத்துக்காக ஏழு வாரமா காத்துக்கிட்டிருக்கோம். அது வராம வேன் எங்க கடைக்கு வர முடியாது. எல்லா பார்சலையும் நாங்களே சைக்கிள்ல வச்சு, வேன் நிக்கிற இடம் வரைக்கும் மிதிச்சுக் கொண்டுபோறோம். அதான் தாமதம்.”

எனக்கு ரத்தம் கொதித்தது.

“ஒரு கையெழுத்துக்கு ஏழு வாரமா? எந்த மகாராசன் அவன்?”

“எட்டு வாரம் வரைக்கும் சட்டத்துல இடம் இருக்காம் சார். விடுங்க.”

“சட்டம் இருந்தா? மனசுன்னு ஒண்ணு வேணாமா? பேரைச் சொல்லுங்க, நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன்.”

“யூரியன்...” என்றாள் மரைக்கே. அவள் எப்போதும் என்னைவிட அரை நிமிடம் முந்தி.

“நீ சும்மா இரு. சொல்லுங்க மேடம்.”

ஃபெம்மி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எங்க சந்து வாசல்ல வண்டி நுழையாம நகராட்சி இரும்புத் தூண் நட்டிருக்கு சார். வேன் வந்தா அதைத் தரைக்குள்ள இறக்கி விடறதுக்கான அனுமதிக்குத்தான் அந்தக் கையெழுத்து. விண்ணப்பம் கிடைச்சதுன்னு வந்த கடிதத்துல அதிகாரி பேர் இருந்துச்சு. பார்சல் மேல இருந்த அதே பேர்தான்.”

அவள் குரலில் குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அது துளியும் இல்லை.

“பொண்ணை நல்லா ஓட்டச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மழையில் மிதித்துப் போய்விட்டாள். காலையில் போனில் என் பேரைக் கேட்ட நொடியிலிருந்தே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் தீர்சா ஓட்டித் தேறினாள். நான் எட்டு மணிக்கே அலுவலகம் போனேன். அந்த விண்ணப்பம் என் காபிக் கோப்பைக்கு நேர் கீழேதான் இருந்தது. படித்துக் கையெழுத்துப் போட நாலு நிமிடம் ஆனது. அதில் மூன்று நிமிடம் பேனாவைத் தேடியது.

அடுத்து, நான் எழுதிய விமர்சனத்தை நீக்கச் சொல்லி அந்த விமர்சனத் தளத்துக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது.

‘உங்கள் கோரிக்கை கிடைத்தது. எட்டு வாரங்களுக்குள் பரிசீலிக்கப்படும்.’