பாய்லர் விளிம்பில் ஒரு தூக்கு

ரயில்வேயில் பயர்மேனாகக் கரி அள்ளிப்போட்டு ஓய்வுபெற்றவர் ஏகாம்பரம். அவர் கரி போட்ட அதே நீராவி எஞ்சின், ஏலத்தில் கைமாறி, உத்திரமேரூர் ரைஸ்மில் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. அதைத் துடைக்கும் வேலைக்கு அவரும் வந்து சேர்ந்தார். மில்காரர் சினிமாக்காரருக்கு விற்றார். அவர் கல்குவாரிக்காரருக்கு விற்றார். எஞ்சின் இடம் மாறவில்லை, துடைக்கும் கையும் மாறவில்லை. அதில் ஈ உட்கார்ந்தால் வழுக்கிப் பக்கத்து ஊர் திருப்புலிவனத்தில் போய் விழும்.

பயர்மேன் வழக்கப்படி சோற்றுத் தூக்கை பாய்லர் விளிம்பில் வைப்பார். நெருப்பே காணாத பாய்லர்தான். ஆனாலும் மத்தியானம் பழைய சோறு ஆவி பறக்கும்.

"அம்மாஞ் சூடு. ஒரு வாய் துன்னா மூணு நாள் பேச்சு வராது, ஜெகதா."

"அப்ப ரெண்டு வாயா துன்னுட்டு வா. வூடு நிம்மதியா கெடக்கும்," என்பாள் மனைவி ஜெகதாம்பாள்.

கடைசியில் சென்னை ஹோட்டல்காரர் ஒருவர் வாங்கி, எஞ்சினை டிரெய்லரில் ஏற்றிப் போனார். கூட வருவதாக ஏகாம்பரம் கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டார்கள். தூக்கைத் திறக்காமலே வீடு திரும்பினார்.

"இன்னா, துன்னலியா?"

"எங்க வச்சித் துன்றது?"

காலையில் தன் கையால் தண்ணீர் ஊற்றிக் கட்டிய பழைய சோற்றுத் தூக்கை ஜெகதாம்பாள் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. வீடெல்லாம் கரிப்புகை வாசனை.

அவள் சோற்றைத் தட்டில் கொட்டி, முந்தானையால் விசிறினாள்.

"சுடுது. மெதுவா துன்னு."