அசையாமல் இருபது நிமிடம்

“இருபது நிமிஷம் அசையாம உட்காருவேன். லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்தா கையெழுத்துப் போடுறேன். அணைஞ்சா, இந்தச் சாமானையெல்லாம் கழட்டிக்கிட்டுக் கிளம்பிடணும். சம்மதமா?”

சவால் விட்டவர் மாநகராட்சி ஆவண அறை எழுத்தர். வாரத்துக்கொரு புகார் மனு எழுதுவதால் அவருக்கு ‘மனு சார்’ என்றே பெயர்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தப் போன வருடம் மாட்டிய கருவி, ஆள் அசைந்தால்தான் விளக்கை எரியவிட்டது. குனிந்து படித்தால் பொசுக்கென்று அணைந்துவிடும். பாவம் மனுஷர், பாதி நாளைக் கையை ஆட்டியே கழித்தார்.

“சம்மதம் சார். இது புதுசு. நீங்க மூச்சு விட்டாலே போதும், நெஞ்சு ஏறி இறங்குறதைப் பிடிச்சுக்கும்,” என்றார் பொறியாளர்.

சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்ற அறைகள் எல்லாம் தேறிவிட்டன. இந்த ஒரு கையெழுத்தும் வந்தால்தான் மதியக் கூட்டத்தில் அடுத்த கட்டிடத்துக்குப் பணம் ஒதுக்குவார்கள். அடுத்தது பிரசவ ஆஸ்பத்திரி. வராவிட்டால் திட்டமும் போச்சு, அவர் வேலையும் போச்சு.

ஜன்னலே இல்லாத அடித்தள அறையில் மனு சார் மட்டும் உட்கார்ந்தார். பொறியாளரும் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மாவும் வெளியே நின்று, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

பத்து நிமிடம் ஆனது. விளக்கு எரிந்தது.

பதின்மூன்றாவது நிமிடம் மனு சாரின் வலது கை மெல்ல எழுந்தது. அவர்களைப் பார்த்து இரண்டு முறை ஆடியது. பிறகு பொத்தென்று மேஜையில் விழுந்தது.

“பழக்க தோஷம்! லைட் எரியுறப்பவே கையை ஆட்டுறார் பாருங்க!” பொறியாளர் சிரித்தார். அந்த அம்மாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

“இப்பக் கண்ணைக்கூடச் சிமிட்டலையே சார்,” என்றார் அந்த அம்மா சற்று நேரம் கழித்து.

“வீம்பும்மா. தோத்துட்டோம்னு கடுப்பு.”

“நம்மளையே பார்க்கிறார். எனக்கு என்னமோ பண்ணுது. கதவைத் திறங்களேன்.”

“திறந்தா நம்ம அசைவைப் பிடிச்சுக்கும். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“மூச்சு விடுறாரா?”

“லைட் எரியுதே, அப்புறம் என்ன?”

பொறியாளர் கண்ணாடியைத் தட்டிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மனு சார் உர்ரென்று பார்த்தபடியே இருந்தார்.

பதினெட்டாவது நிமிடம் விளக்கு அணைந்தது.

“ஐயோ, காலை வாரிடுச்சே!” பொறியாளர் தலையில் அடித்துக்கொண்டார். இன்னும் இரண்டே நிமிடம்! ஆத்திரத்தோடு கதவைத் தள்ளி உள்ளே போனார். அவர் காலடி பட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“நீங்க ஜெயிச்சுட்டீங்க சார். எழுந்திருங்க, கழட்டிடுறேன்.”

தோளைத் தொட்டார். மனு சார் அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார். அந்த அம்மா அலறிய அலறலில் நடைவழியே அதிர்ந்தது.

பொறியாளர் மேலே பார்த்தார். கருவியில் கோளாறே இல்லை. மூச்சு நின்று ஐந்து நிமிடம் கழித்து அணையும்படி காலையில் அதை அமைத்தது அவரேதான்.

சரியாக ஐந்து நிமிடம் முன்பு மனு சார் கையை ஆட்டியது, விளக்குக்காக அல்ல.