கொக்கிகள்

கீழே கடைகள் இருந்த கடைவீட்டின் மூன்றாவது மாடியில் இயங்கிய அந்தப் பள்ளியில், பர்மியப் பிள்ளைகள் புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்குவதே இல்லை. எழுதும்போதும் சோறு உண்ணும்போதும் ஆமைகளைப்போல் அதைச் சுமந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கு வாடகை கட்டும் மாதர் சங்கத்திலிருந்து பார்வையிட வந்த கோகிலவாணிக்கு அது பொறுக்கவில்லை.

"முதுகு கூனிப்போயிடும் டீச்சர். கழட்டச் சொல்லுங்க."

"அகதி கார்டு பையிலதான் இருக்கு மேடம். இமிகிரேஷன்காரங்க வந்தா உடனே காட்டணும்," என்றாள் அஞ்சலை டீச்சர். பர்மாவின் மோல்மேனில் பிறந்த தமிழச்சி; அவளும் அகதிதான்.

"வகுப்புக்குள்ளயா வரப்போறாங்க?"

வாடகை கட்டுகிறவள் சொன்னதற்கு டீச்சர் தலையாட்டினாள். மறுவாரமே கோகிலவாணி ஆள் வைத்துச் சுவர் நெடுகப் பித்தளைக் கொக்கிகள் அடித்தாள். ஒவ்வொரு பையையும் தன் கையாலேயே கழற்றி மாட்டினாள். கடைசி பெஞ்சில் இருந்த சிறுமி மட்டும் எவ்வளவு கேட்டும் தராமல் அழுதாள்.

"பழகிடுவா," என்று சிரித்துவிட்டுப் போனாள் கோகிலவாணி.

அடுத்த முறை அவள் கேக்கோடு படியேறியபோது பிள்ளைகளின் சத்தமே கேட்கவில்லை. கொக்கிகளில் பைகள் தொங்கின. பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

"என் கார்டு இடுப்புல இருந்துச்சு, விட்டுட்டாங்க," என்றாள் டீச்சர். "பிள்ளைங்க பையை எடுத்துக் குடுத்துடறேன்னு கெஞ்சினேன் மேடம். அதுக்குள்ள லாரியில ஏத்திட்டாங்க."

ஒரு கொக்கி மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே அந்தச் சிறுமி பையோடு உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணி கிட்டே வருவதைக் கண்டதும், பையின் வார்களை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.